வாங்கிய அன்று இருந்தபடி

மாலை 4.05.

சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த மடிக்கணினியைக் அது பொருத்தியிருந்த கட்டிலின் இரும்புக் கையோடு இழுத்து, படுத்திருந்தவரின் முகத்துக்கு நேராக நிறுத்தினான் பீமன். "ஐயா, முழிப்பு வந்தாச்சா?" என்று கேட்டபடியே திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன். மெஷின்ல என்னமோ வந்திருக்கு."

படுத்திருந்த வானொலிக்காரரின் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பளிச்சென்ற நீலத் திரை. நடுவில், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே உலகத்து மொழிகள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. வேறு எதுவும் இல்லை.

கட்டிலில் கிடந்தவரின் கண்கள் திரையின் வலது மூலைக்குப் போயின. 'பேசு' என்ற பொத்தான் அங்கேதான் இருக்கும். இல்லை. இடது மூலைக்கு வந்தன. அங்கே எழுத்துகள் இருக்கும். இல்லை. பிறகு அந்தக் கண்கள் நிலைகொள்ளாமல் அலைய ஆரம்பித்தன.

அவர் உடம்பில் அலைய முடிந்தது அவை மட்டும்தான்.

முப்பது வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர். அவர் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட வீடுகள் உண்டு. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோய் என்று மருத்துவர்கள் சொன்னபோது, கை கால்களைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குரல் எப்போது போகும் என்று மட்டும் கேட்டார். போவதற்கு முன்பே ஒரு பேச்சுப் பயிற்சியாளரை அமர்த்தி, ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். கணினி அதிலிருந்து அவர் குரலைக் கற்றுக்கொண்டது. கண்ணால் எழுத்துகளைப் பார்த்து வாக்கியம் அமைத்தால் போதும். அவருடைய சொந்தக் குரலிலேயே அது பேசும். நான்கு வருடமாக அவருக்கு அதுதான் வாய்.

இப்போது அந்த மெஷின், கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டிருந்தது.

மாலை 5.40.

இன்ஸ்பெக்டர் வந்தபோது மகன் வாசலிலேயே காத்திருந்தான். புகார் கொடுத்தவன் அவன்தான். இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. வார்த்தைக்கு வரி கட்டுகிறவர்போல் பேசுவார்.

"நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே வேலை?"

"ஆமா மேடம்."

"இது தானா ஆகுமா?"

"ஆகவே ஆகாது. மெஷினை ஆன் பண்றப்பவே ஒரு கீயை அழுத்தணும். வட்டுல ஒரு ஓரத்தைத் தனியா ஒதுக்கி வெச்சிருப்பாங்க, ரெகவரி பார்ட்டிஷன்னு பேரு. தொழிற்சாலையிலருந்து வந்தப்ப மெஷின்ல என்ன இருந்துச்சோ அதுக்கு ஒரு நகல் அதுக்குள்ள இருக்கும். அந்த நகலை எடுத்துப் போட்டுட்டு, நாம சேர்த்து வெச்ச அத்தனையையும் துடைச்சிடும்."

"பாஸ்வேர்டு கேக்காதா?"

"கேக்காது. நிச்சயமான்னு ரெண்டு தடவை கேக்கும், அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"எங்க ஆபீஸ்ல பத்து நிமிஷத்துல முடிச்சுடுவோம்."

"வெளியில இருந்தபடியே, நெட் வழியா யாராவது செஞ்சிருக்கலாமா?"

"இந்த மெஷினை அப்பா நெட்டோட சேர்க்கவே விடலை. குரலைத் திருடி சோப்பு விளம்பரத்துல போட்டுடுவானுங்கன்னு பயம். பயிற்சியாளர் ஒரு நகல் வெச்சிருந்தாங்க, அதையும் அழிக்கச் சொல்லிட்டாரு."

"பழைய வானொலிப் பதிவு?"

"டேப் விக்கிற விலைக்கு அதுமேலயே திரும்பத் திரும்பப் பதிஞ்சிருக்காங்க. நிலையத்துல தேடினா அஞ்சு நிமிஷம் தேறாது." கட்டில் இருந்த அறைப் பக்கம் கையைக் காட்டினான். "ஞாயித்துக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா மேடம். அவர் குரல்லயே ஏற்புரை. மத்தியானம் பன்னெண்டரைக்கு வந்தேன், எனக்குப் போட்டுக் காட்டினாரு. கேட்டுட்டு ஒரு மணிக்குக் கிளம்பினேன். நான் போனப்புறமும் பேசியிருக்காரு, பீமனைக் கேளுங்க."

கீழ்வாசல் கேமராவில் அவன் 1.03-க்கு வெளியேறியது பதிவாகியிருந்தது. திரும்பி வந்தது, தாய் போனில் அழைத்த பிறகு, 4.30-க்கு.

பீமன் என்பது வானொலிக்காரர் வைத்த பெயர். ஒரு நிறுவனம் அனுப்பிய பராமரிப்பு ஆள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை வேலை. கதவுக்குக் குனிந்து வரும் உயரம். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா கடைசியா எப்ப பேசினாரு?"

"ஒரு மணி பத்துக்கு மேடம், குளிக்கப் போறதுக்கு முன்னாடி. 'வெந்நீர்ல என்னை வேக வெச்சுடாதேடா பீமா'ன்னாரு. மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிட்டு, வயரைப் பிடுங்கிச் சுருட்டி வெச்சுட்டு, அவரைத் தூக்கி நாற்காலியில உக்கார வெச்சேன்."

"வயரை எதுக்குப் பிடுங்கினே?"

"நாற்காலிச் சக்கரத்துல சிக்கும். தினமும் அப்படித்தான்."

"குளியல் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி ஆயிடும். கழுத்து நிக்காது பாருங்க, ஒத்தை ஆளா மெதுவாத்தான் செய்யணும். கதவைச் சாத்திக்குவேன், குளிர் ஆகாது அவருக்கு. வெளிய கொண்டுவந்தப்ப வயர் திரும்ப மாட்டியிருந்துச்சு. அதைத் தாண்டிக் கட்டில்ல படுக்க வெச்சேன். சளி உறிஞ்சி எடுத்தேன். தூங்கிட்டாரு."

"அதுக்கப்புறம் மெஷினைத் தொட்டியா?"

"நாலு மணி வரைக்கும் தொடலை. தூங்கறப்ப முகத்துக்கு நேரா வெச்சா, கண்ணு லேசா திறக்கறப்பல்லாம் அது எதையாவது உளறும்."

"நேத்து உன்னை வேலையை விட்டுப் போகச் சொன்னாராமே?"

பீமன் லேசாகச் சிரித்தான். "வாரத்துக்கு ஒருக்கா சொல்லுவாரு மேடம்."

மனைவியின் பதில்கள் இன்னும் சுருக்கமாக இருந்தன. அவர்கள் குளியலறையில் இருந்தபோது சமையலறையில் இருந்தாளாம். கணவர் படுத்த பிறகு 2.05-க்கு மருந்து வாங்கக் கிளம்பினாளாம். வந்தது 3.40-க்கு.

"மருந்துக்கடை எதிர்ச் சாரியிலதானேம்மா இருக்கு?"

"அப்படியே காய்கறியும் வாங்கிட்டு வந்தேன்."

"வயரை மாட்டினது நீங்களா?"

"மாட்டியிருப்பேன். கவனமில்ல."

"உங்களுக்கு மெஷின் இயக்கத் தெரியுமா?"

பதிலை மகன் சொன்னான். "அம்மா அது பக்கமே போக மாட்டாங்க மேடம்."

அவள் மறுக்கவில்லை.

ஆக, 2.05-லிருந்து 3.40 வரை அந்த வீட்டில் இரண்டே பேர். ஒருவருக்கு விரலைக்கூட அசைக்க முடியாது. இன்னொருவன் பீமன்.

இன்ஸ்பெக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டிலும் அந்தக் குரல் தினமும் ஒலித்திருக்கிறது. முகத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஐயா, நான் கேக்கறதுக்கு ஆமான்னா மேல பாருங்க. இல்லேன்னா கண்ணை மூடித் திறங்க. புரியுதா?"

கண்கள் மேலே போயின.

"இதைச் செஞ்சது யாருன்னு பார்த்தீங்களா?"

மேலே.

"உங்க மகனா?"

மூடித் திறந்தன.

"மனைவியா?"

கண்கள் உடனே மூடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற மனைவியின் மேல் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு மூடித் திறந்தன.

"பீமனா?"

மேலே. தயக்கமே இல்லை.

"அம்மா மருந்து வாங்கப் போயிருந்தப்பவா? நீங்க இதே கட்டில்ல படுத்திருந்தப்பவா?"

மேலே.

"ஐயா!" என்றான் பீமன். மகன் பாய்ந்து வந்து அவன் கன்னத்தில் அறைந்தான். எட்டாத உயரம், எம்பித்தான் அறைய வேண்டியிருந்தது. பீமன் திருப்பிக் கையை ஓங்கவில்லை. கட்டிலில் கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜீப்பில் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பாதிக்கப்பட்டவரே கண்ணால் கண்ட சாட்சி. இதைவிடச் சுலபமான வழக்கு கிடைக்காது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இன்ஸ்பெக்டருக்கு ஏதோ உறுத்தியது. வேலையை விட்டு அனுப்பப்படும் ஆத்திரத்தில் ஒருவன் குரலை அழிக்கலாம். அழித்தவன், தானே திரையைத் திருப்பிவைத்து, தானே கூப்பிட்டுக் காட்டுவானா?

மறுநாள் காலை 10.15.

பேச்சுப் பயிற்சியாளர் ஒல்லியான பெண். மெஷினைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலேயே கட்டிலருகே ஓடி வந்தாள். எதையாவது மீட்க முடியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"வட்டு முழுக்கப் பூட்டு போட்டு வெச்சிருந்தோம் மேடம், ஐயா அப்படிக் கேட்டாரு. பூட்டோட சாவியும் அதுக்குள்ளதான். ரெண்டும் சேர்ந்து போச்சு."

மகன் முந்தின நாள் பதற்றத்தில் எதையெதையோ அழுத்தி, பாதியில் மெஷினை அணைத்திருந்தான். இப்போது அது மொழியைக்கூடக் கேட்காமல் கறுப்புத் திரையோடு நின்றது.

"இதுக்கு மேல எதையும் ஏத்த முடியாது. சுத்தமா ஆரம்பத்துலருந்து ஒரு தடவை திருப்பிப் போட்டாத்தான் உண்டு. போடட்டுமா?"

"போடுங்க. எனக்குப் பார்க்கணும்."

அவள் மெஷினை உயிர்ப்பித்து ஒரு கீயைத் தட்டினாள். ஒரு மஞ்சள் பெட்டி வந்து மறித்தது. "பாருங்க, மின்சாரத்துல மாட்டச் சொல்லுது. பேட்டரியில ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. நடுவுல உயிர் போயிட்டா வட்டே பாழாயிடுமே, அதுக்காக." வயரை மாட்டினாள். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயமாகத்தானா என்று இன்னொரு முறை கேட்டது. திரையில் ஒரு கோடு தோன்றி, புழுவைப்போல நகர ஆரம்பித்தது.

மணி 10.20.

இன்ஸ்பெக்டர் சன்னலருகே நின்றார். தெருவைப் பார்த்தார். வந்து திரையைப் பார்த்தார். இரண்டு சதவீதம்.

"இதுல முன்னாடி என்னென்ன வெச்சிருந்தீங்க?"

பயிற்சியாளர் கட்டில் பக்கம் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டரைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். "எழுத்துப் பலகை. அப்புறம் அவசரப் பொத்தான்கள். 'தண்ணீர்', 'வலிக்கிறது', 'திருப்பிப் படுக்க வை', இப்படி நான் போட்டுக் குடுத்தது பத்து. மத்ததெல்லாம் அவரா சேர்த்துக்கிட்டது."

"அவரா சேர்த்தது எது?"

அவள் தயங்கினாள். "'மடச்சி'. 'உன்னைக் கட்டினது என் தலையெழுத்து'. 'உங்கப்பன் உன்னைத் தள்ளிவிட்டு நிம்மதியா செத்தான்'. எல்லாம் அம்மாவுக்குத்தான். ஒரு பார்வை பார்த்தாப் போதும் மேடம், முழு வரியையும் சொல்லிடும். களைப்பே கிடையாது. காபி கொஞ்சம் ஆறிப்போச்சுன்னு நான் உக்காந்திருக்கறப்பவே ஒரே பொத்தானை விடாம பார்த்துக்கிட்டிருந்தாரு. அது சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அத்தனையும் அந்தச் செய்தி வாசிக்கற குரல்ல, அழகா, உச்சரிப்பு சுத்தமா."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"பேச முடியாதவருக்குப் பேச்சு வாங்கிக் குடுக்கறதுதான் என் வேலை. என்ன பேசணும்னு நான் சொல்ல முடியுமா?" என்றவள், தனக்கே அந்தப் பதில் பிடிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

11.05. இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து பார்த்தார். இருபத்தெட்டு சதவீதம்.

"என்ன இது, மெஷின் மக்கர் பண்ணுதா?"

"இல்ல மேடம், நல்லாத்தான் போகுது. பழைய வட்டு. இவர் கண்ணைப் பிடிக்கற கருவி இந்த மாடல்ல மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு மாத்தாம வெச்சிருக்கோம். பொறுமையாத்தான் இருக்கணும்."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழவில்லை. காபி வந்தது, ஆறியது. இடையில் மெஷின் தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து, மறுபடி கோட்டை நகர்த்தியது.

அந்த நேரத்தில்தான் மகன் தன் போனை நீட்டினான். "நேத்து அப்பா ஏற்புரையைப் போட்டுக் காட்டினப்ப இதுல பதிஞ்சேன் மேடம். நல்லவேளை. அவர் குரல்ல மிச்சம் இருக்கறது இந்த நாலு நிமிஷம்தான். கேக்கறீங்களா?"

கேட்டார். தேன் தடவிய குரல். நேயர்களுக்கு நன்றி. நிலையத்துக்கு நன்றி. ஒலிப்பதிவு செய்தவர்கள் முதல் வாசலில் வண்டி நிறுத்த உதவியவர் வரை பெயர் பெயராக நன்றி. பிறகு ஒரு சிறிய இடைவெளி. கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் பழகியவர் விடும் இடைவெளி. "என் மனைவியை மட்டும் இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அவளுக்கு வானொலி கேட்கிற காதும் கிடையாது, கேட்டால் புரிகிற மூளையும் கிடையாது. அதனால்தான் நாற்பது வருடம் சண்டையில்லாமல் ஓடியது." பதிவில் மகன் சிரிப்பது கேட்டது. அதற்கும் பின்னால், தள்ளி எங்கோ, ஒரு பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைக்கும் ஓசை.

"அம்மா அப்ப இங்கதான் இருந்தாங்களா?"

"ஆமா, அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தாங்க." மகனுக்கு அதில் எதுவும் விசேஷமாகப் படவில்லை.

12.35. நீலத் திரை வந்தது. உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "எல்லாரும் இங்க வாங்க. அம்மா, நீங்களும்."

மனைவி வந்து, நேற்று நின்ற அதே கால்மாட்டில் நின்றாள்.

"இது ஆரம்பிச்சது பத்து இருபதுக்கு. முடிஞ்சது இப்ப. ரெண்டே கால் மணி நேரம். உங்க ஆபீஸ்ல புது மெஷின், பத்து நிமிஷம். நீங்க சொன்னதை நானும் நம்பிட்டேன். மருந்து வாங்கப் போன நேரத்துல நடந்திருக்கும்னு எல்லாரும் முடிவு கட்டிட்டோம். அம்மா படியிறங்கின நிமிஷமே பீமன் கீயை அழுத்தியிருந்தாலும், நாலு மணி அஞ்சுக்கு இந்தக் கோடு முடிய இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்திருக்கும். ஆனா நாலு அஞ்சுக்கு வேலை முழுசா முடிஞ்சு, மெஷின் மொழி கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அப்ப எப்ப ஆரம்பிச்சிருக்கணும்?"

மகன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். "ஒண்ணு அம்பதுக்கு முன்னாடி."

"ஒண்ணு பத்துக்கு ஐயா பேசியிருக்காரு, அதனால அதுக்கப்புறம். அந்த நேரத்துல நீங்க தெருவுல. பீமன் குளியலறையில, கதவைச் சாத்திக்கிட்டு, ரெண்டு கையாலயும் ஐயாவோட கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு. அவனுக்குச் சாட்சி வேணும்னா இதோ படுத்திருக்காரே, இவரேதான். குளியலறையில இருந்தவர் இந்த அறையில நடந்ததைப் பார்த்தேன்னு சொன்னாரு. கட்டில்ல இருந்தப்ப பார்த்தேன்னாரு. பார்த்திருக்க முடியாது ஐயா. நீங்க பார்க்கவே இல்ல."

வானொலிக்காரரின் கண்கள் கூரையில் ஒரே இடத்தில் குத்தி நின்றன.

"இன்னொண்ணு. பீமன் பிடுங்கிச் சுருட்டி வெச்ச வயர், அவன் வெளிய வந்தப்ப மாட்டியிருந்துச்சு. வயர் இல்லாம இது ஆரம்பிக்காது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீங்க வெளிய போனது மருந்துக்கு இல்லம்மா. இது முடியறவரைக்கும் இந்த வீட்ல இருக்க முடியலை உங்களால."

"அம்மாவா?" மகன் சிரிக்கப் பார்த்தான். "மேடம், அவங்களுக்கு..."

"தெரியும்" என்றாள் பயிற்சியாளர். "ரெண்டு வருஷம் முன்னாடி மெஷின் உறைஞ்சு நின்னப்ப போன்ல அம்மாகிட்டதான் சொல்லிக் குடுத்தேன், எந்த கீ, எப்ப தட்டணும்னு. பக்கத்துல இருக்கற இன்னொரு கீயை மட்டும் தொட்டுடாதீங்க, எல்லாம் போயிடும், வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரி ஆயிடும்னு ரெண்டு மூணு தடவை எச்சரிச்சேன்."

மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அன்னியிலருந்து அந்த கீயைப் பார்க்காத நாள் இல்ல" என்றாள். "தூசி துடைக்கறப்பல்லாம் அதை மட்டும் விட்டுட்டுத் துடைப்பேன். எங்க கை பட்டுடுமோன்னு பயம். நேத்து அந்தப் பேச்சைக் கேட்டேன். இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் வீட்டுக்குள்ள. இது ஊரே கேக்கறதுக்கு. நீயும் சிரிச்சே."

மகன் கையிலிருந்த போனைக் கவிழ்த்துப் பிடித்தான்.

"முப்பது வருஷம் இவர் வாசிச்ச ஒரு செய்தியை நான் விட்டதில்ல. அடுப்படியில சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேப்பேன். கேட்டேன்னு தெரிஞ்சா, 'உனக்கு என்ன புரிஞ்சுது, சொல்லு'ன்னு கேள்வி கேப்பாரு. அதனால கேக்கறதே இல்லன்னு சொல்லிட்டேன். அதே நிலைச்சுப் போச்சு." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "வயரை மாட்டச் சொல்லுச்சு, மாட்டினேன். நிச்சயமான்னு கேட்டுச்சு. என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்லம்மா. ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் ஆமான்னேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பீமனைக் கூட்டிட்டுப் போறப்ப ஏம்மா பேசாம நின்னீங்க?"

இதற்குத்தான் அவள் முகம் கறுத்தது. "காலையில வந்து சொல்லிடலாம்னு நினைச்சேன். ஒரு ராத்திரி சத்தமில்லாம இருக்குமேன்னு ஆசை வந்துடுச்சு. அந்தப் பிள்ளை லாக்கப்புல இருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் படுத்தேன். தூக்கமும் வந்துச்சும்மா."

இன்ஸ்பெக்டர் கட்டிலுக்கு மேல் குனிந்தார்.

"ஐயா, உங்க மனைவிதான்னு நேத்தே தெரியும், இல்லையா?"

வெகுநேரம் கழித்துக் கண்கள் மேலே போயின.

"பீமன் போனா வேற ஆள் அனுப்புவாங்க. இவங்க போனா ஆள் கிடைக்காது. அந்தக் கணக்குதானே? இவங்களைக் காப்பாத்தி வெச்சா, காலம் பூரா அதை வெச்சே ஆட்டி வைக்கலாம். அதுதானே?"

கண்கள் மூடின. திறக்கவில்லை. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

மகன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் எதிரில் வந்து நின்றான். "இதையும் அழிச்சுடட்டுமாம்மா?"

அவள் போனையே பார்த்தாள். "வேண்டாம்" என்றாள் கடைசியில். "அது ஒண்ணுதான் இருக்கு."

மாலை 4.30.

பயிற்சியாளர் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றி முடித்தாள். மென்பொருளோடு தமிழில் ஒரே ஒரு குரல்தான் வந்தது. இளம்பெண்ணின் குரல். வேறு குரல் வாங்கி ஏற்ற நாளாகும் என்றாள்.

பீமனை விடுவிக்க வாக்குமூலம் வேண்டும். மனைவி புடவை மாற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டரோடு கிளம்பினாள். அவள் வாசலைத் தாண்டும்போது அறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "எங்கே போறே?"

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வானொலிக்காரரின் கண்கள் திரையில் எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தன.

"எப்ப வருவே?" என்றது அந்தக் குரல்.

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் மனைவி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டபோது, பீமனை வெளியே அழைத்து வந்தார்கள். ஒரே இரவில் அவன் தோள் இறங்கியிருந்தது. மனைவி எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"தப்பு பண்ணிட்டேன்ப்பா."

"ஏஜென்சியில என் பேரை எடுத்துட்டாங்கம்மா. காலையில போன் வந்துச்சு."

"நான் போய்ப் பேசறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேசுங்க மேடம். போலீஸ் கூட்டிட்டுப் போன ஆளுன்னா எந்த வீட்லயும் உள்ள விட மாட்டாங்க, நீங்க பேசினாலும்." அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "நாலு வருஷம் உங்க கையால சாப்பிட்டிருக்கேன். ஐயா என்னைக் காட்டினப்ப கூட, நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்."

அவள் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, நிலைவாசலுக்குக் குனிந்து வெளியே போனான்.

ஜீப்பில் திரும்பும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார். "போக வேற இடம் இருக்காம்மா?"

"தங்கச்சி இருக்கா. எப்ப வேணும்னாலும் வான்னு சொல்லியிருக்கா."

"அப்ப அங்க விடட்டுமா?"

வண்டி இரண்டு தெரு தாண்டும்வரை அவள் யோசித்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"மணி என்னம்மா?"

"ஆறே முக்கால்."

"ஏழு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும். பையனுக்கு அது தெரியாது" என்றாள். "வீட்டுக்கே விடுங்க."

வாசலில் இறங்கிய அவள் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.